பந்தயப் பருவமும் பிட் ஸ்டாப்பும்

கார்ப் பந்தயத்தில் பருவம் அல்லது சீசன் என்பது ஓர் ஆண்டில் பல நாடுகளில் அடுத்தடுத்து நடைபெறும் பந்தயங்களின் தொடர் ஆகும். பிட் ஸ்டாப் என்பது பந்தயத்தின் நடுவே டயர் மாற்றுவதற்கோ பழுது பார்ப்பதற்கோ காரைத் தன் அணியினரிடம் கொண்டுவந்து நிறுத்துவதாகும். இவ்விரண்டும் புரிந்தால் பார்முலா 1 பந்தயத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களும் அதைப் பின்தொடர முடியும்.

பருவமும் புள்ளிகளும்

2024ஆம் ஆண்டுப் பருவத்தில் 24 பந்தயங்கள் நடைபெற்றன. ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் பத்து இடங்களுக்கு முறையே 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1 எனப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. பருவ முடிவில் அதிகப் புள்ளிகள் பெற்ற ஓட்டுநர் உலகச் சாம்பியன் ஆவார். ஓர் அணியின் கார்கள் பெற்ற புள்ளிகளைக் கூட்டி அணிக்கான பட்டமும் தரப்படுகிறது. எனவே ஒரு பந்தயத்தில் வெல்வதைவிட எல்லாப் பந்தயங்களையும் நல்ல இடத்தில் முடிப்பதே முக்கியம்.

பிட் ஸ்டாப்

ஒரு பந்தயத்தின் தொலைவு பொதுவாக 305 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அச்சாலையை 25 முறை கடப்பதற்கு இது சமம். அவ்வளவு தூரம் அதிவேகமாக ஓடும்போது டயர் தேய்ந்து, பிடிமானம் குறையும். மேலும், மழையில்லாத பந்தயத்தில் குறைந்தது இருவகை டயர்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

ஏறத்தாழ இருபது பேர் சேர்ந்து நான்கு டயர்களையும் இரண்டு, மூன்று விநாடிகளில் மாற்றிவிடுவர். ஆனால் பிட் பாதையில் வேகக் கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலான இடங்களில் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அதனால் மொத்த இழப்பு 20 விநாடி அளவுக்கு வரும். புதிய டயரால் சுற்றுக்கு ஒரு விநாடி மிச்சமானால், 20 சுற்றுகளில் அந்த இழப்பு ஈடாகிவிடும். எந்தச் சுற்றில் நிற்பது என்பதே அணிகளின் கணக்கு. 2010 முதல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்ப அனுமதி இல்லை.

இண்டியானாபொலிஸ், 2005

2005ஆம் ஆண்டு விதி இதற்கு நேர்மாறாக இருந்தது. எரிபொருள் நிரப்பலாம், ஆனால் சேதமோ மழையோ இன்றி டயர் மாற்றக் கூடாது. அவ்வாண்டு ஜூன் 19 அன்று நடந்த அமெரிக்கப் பந்தயத்துக்கு முன், பயிற்சியின்போது மிச்செலின் டயர்கள் சேதமடைந்தன. அவை முழுப் பந்தயத்தையும் தாங்கும் என்று அந்நிறுவனத்தால் உறுதி கூற இயலவில்லை. தொடக்கச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் பிட்டுக்குள் திரும்பி விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்களே பந்தயத்தில் ஓடின.

அவற்றுள் ஒன்றை ஓட்டியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். பார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியரான அவர், ஜோர்டான் அணிக்காக நான்காம் இடம் பெற்று, அன்றைய முறைப்படி 5 புள்ளிகள் எடுத்தார். 19 பந்தயங்கள் கொண்ட அப்பருவத்தில் அவர் பெற்ற புள்ளிகள் அவை மட்டுமே. ஆறு கார்களே ஓடிய பந்தயம் என்பதால் அதை அதிர்ஷ்டம் என்பாரும் உண்டு. ஆயினும் புள்ளிப்பட்டியல் எத்தனை கார்கள் ஓடின என்று பார்ப்பதில்லை. கோட்டைக் கடந்தவர் யார் என்றே பார்க்கிறது.