பூ ஒன்றுதான்... உள்ளே ஒரு கூட்டம்!

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ்ஸில் ஜன்னலோரமாகப் போய்ப் பாருங்கள். வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசல் மண் பச்சை கட்டியிருக்கும். சீமைக்கருவேலத்துக்கு நடுவிலும் வரப்போரத்திலும் சின்னச் சின்னதாய் மஞ்சள், வெள்ளைப் பூக்கள். அவற்றில் பல ஒரே குடும்பம். சூரியகாந்திக் குடும்பம்!

இதற்கு 'கம்பாசிட்டே' என்று பழைய பெயர் ஒன்று உண்டு. பலவற்றைச் சேர்த்து அமைத்தது என்று அர்த்தம். பூஜைக்கு வாங்கி வைத்த சாமந்தியில் ஓர் 'இதழை' உருவிப் பாருங்கள். நீங்கள் இதழ் என்று நினைப்பது ஒரு முழுப் பூ! சூரியகாந்தியில் ஓரத்து மஞ்சள் பூக்களுக்குத் தேனீயைக் கூப்பிடுவதுதான் வேலை, விதை வைக்காது. நடுத்தட்டில் நெருக்கியடித்து நிற்கும் நூற்றுக்கணக்கான குழல் பூக்கள்தான் ஓரத்திலிருந்து உள்நோக்கி மலர்ந்து, ஆளுக்கொரு விதை தரும்.

நம் கைவைத்தியத்திலும் இந்தக் குடும்பத்துக்குப் பெரிய இடம். வாய்க்கால் ஈரத்தில் முளைக்கும் கரிசலாங்கண்ணியை வள்ளலாரே உயர்த்திச் சொன்னார். பிள்ளைகள் தலையைச் சுண்டி விளையாடும் தாத்தாப்பூவைத் தெரியும்தானே? அதுதான் வெட்டுக்காயப் பூண்டு. களை வெட்டும்போது கையில் கீறிக்கொண்டால் அதன் இலையைக் கசக்கிப் பிழிவார்கள்.

நல்ல குடும்பம்தான். ஆனால் எந்தக் குடும்பத்திலும் வம்புக்கு நிற்கிற ஒருத்தர் இருப்பாரில்லையா? இங்கே அவர் பெயர் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களின் நடுவில் புனே பக்கம் கண்ணில் பட்டது, பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. கேரட் இலை மாதிரி இலை, மிளகு அளவில் வெள்ளைப் பூ. இதன் கூட்டணி சூரியகாந்திக்கு நேர் எதிர். ஓரத்தில் இருக்கும் ஐந்து பூக்கள் மட்டுமே விதை வைக்கும். நடுவில் இருப்பவை வெறுமனே மகரந்தத்தைக் கொட்டும். அந்த மகரந்தம் சிலருக்குத் தும்மல், மூக்கொழுகல், ஆஸ்துமா என்று வாட்டி எடுத்துவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை தோலில். தினமும் தோட்டத்துக்குப் போய் வருகிற அப்பாவுக்கோ மாமாவுக்கோ முகம், கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் அரித்து, தோல் தடித்துக் கருத்துப் போகிறதா? 'வெயில் ஒத்துக்கலை' என்று விட்டுவிடாதீர்கள். கண் இமை, தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால்... வெயில் அதிகம் படாத இந்த இடங்களிலும் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்கு அப்புறம் கூடி, ஒரு மாசம் வெளியூரில் இருந்தால் குறைகிறதா என்றும் கவனியுங்கள். ஆமாம் என்றால் பார்த்தீனியத்தின் மேல் சந்தேகப்படலாம். காய்ந்த செடித் தூசி காற்றில் வந்து பட்டாலே போதும், தொட வேண்டியதுகூட இல்லை.

தோல் டாக்டரிடம் போனால் 'பேட்ச் டெஸ்ட்' செய்வார். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பது. இதை விட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் முகத்தில் தடவுகிறார்களே, அது தப்பு. அரிப்பு அப்போதைக்கு அடங்கும். நாளாக நாளாகத் தோல் மெலிந்துபோகும்.

இன்னொரு விஷயம். தோலைக் கெடுப்பது இந்தச் செடியில் உள்ள 'செஸ்க்விடெர்பீன் லாக்டோன்' என்ற வகைப் பொருள். உறவுக்காரச் செடிகள் பலவற்றிலும் இந்த வகை இருக்கிறது. அதனால் பார்த்தீனியம் ஆகாதவருக்குச் சாமந்தி மாலையும் ஆகாமல் போகலாம். அரிக்கிற இடத்தில் 'மூலிகைதானே' என்று இதே குடும்பத்து இலையை அரைத்துப் பூசினால் இன்னும் கிளறிவிட்ட மாதிரி ஆகிவிடலாம். சமையல் சூரியகாந்தி எண்ணெயைப் பற்றிப் பயப்படாதீர்கள். சுத்திகரித்த எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செடியை ஒழிக்க 1984-ல் மெக்சிகோ வண்டை பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் நன்றாகத் தின்கிறது. வறட்சி வந்தால் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. நம் வானம் பார்த்த பூமியில் அதை மட்டும் நம்ப முடியுமா? வீட்டைச் சுற்றி முளைத்ததை, மண் ஈரமாக இருக்கும்போதே, பூக்கும் முன்னால் வேரோடு பிடுங்க வேண்டும். முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கு மறைத்துத் துணி. வேலை முடிந்ததும் குளியல், துணியைத் தனியாகத் துவைத்தல். அலர்ஜி உள்ளவர் அந்தப் பக்கமே வரவேண்டாம், பிடுங்கும் வேலையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

பயிர் இல்லாத காலி இடம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல் உப்பைக் கரைத்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து இலை நனையத் தெளிக்கலாம். தோட்டத்து மண்ணில் மட்டும் வேண்டாம், உப்பு ஏறிவிடும். சும்மா கிடக்கிற இடத்தில் துத்தியை வளரவிட்டால் அது பார்த்தீனியத்தை நெருக்கித் தள்ளும்.

பிடுங்கியதை வாசலில் காயப் போட்டு வைக்காதீர்கள். தூசி திரும்ப வீட்டுக்குள்தான் வரும்.