மைசூரில் ஒரு பகல்

சென்ற கோடை விடுமுறையில் தம்பியின் குடும்பத்தோடும், எண்பதைக் கடந்த எம் அன்னையோடும் மைசூர் சென்றிருந்தோம். அரண்மனை, புனித பிலோமினாள் ஆலயம், மிருகக்காட்சி சாலை என நேரம் குறித்துப் பட்டியல் எழுதியது நாமே. ஆலயத்திற்கு ஒதுக்கியது கால் மணி நேரம்! குருவானவர் எழுதிய பட்டியல் இது, வாசகர் மன்னிப்பாராக.

அரண்மனையில் பிள்ளைகள் வாய் பிளந்து நின்றனர். பழைய மரமாளிகை 1897-இல் அரச குடும்பத் திருமணத்தின்போது தீக்கிரையாயிற்று. இன்றுள்ளது 1912-இல் முடிந்தது. வெறுங்காலோடு நடந்து களைத்த அன்னைக்கோ, கலியாண மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிக் கூரையைவிட உட்கார ஓரிடமே தேவையாயிருந்தது.

பிற்பகலில் ஆலயம் சேர்ந்தோம். 175 அடி உயர இரட்டைக் கோபுரங்கள் ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை நினைவூட்டுவன. 1933-இல் அடிக்கல் நாட்டியவர் இந்து மன்னரான நான்காம் கிருஷ்ணராஜ உடையார் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தோம். பீடத்தின் கீழுள்ள நிலவறையில் புனிதையின் சுரூபம் சயனித்திருக்கிறது. மெல்லப் படியிறங்கிய அன்னை அங்கே மண்டியிட்டார்; எழவில்லை. நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம்.

“சாமி, உங்களுக்கு மூணு வயசிலே விஷக்காய்ச்சல் கண்டப்போ இந்த அம்மாளுக்குத்தான் நேர்ந்துகிட்டேன். வர இப்பத்தான் முடிஞ்சுது. நீங்க போய் மத்ததைப் பார்த்துட்டு வாங்க.”

இதனை அவர் அதுவரை எம்மிடம் சொன்னதேயில்லை. பட்டியலை அங்கிப் பைக்குள் திணித்துவிட்டு அருகில் முழந்தாளிட்டோம். வெளியே வருகையில் மாலையாகியிருந்தது. யானையைக் காணாத கடைக்குட்டி, பேருந்து நிலையம் வரை எம்மோடு பேசவில்லை.