பெயரொன்று, அளவு பல: பழைய குறூசர் வண்டியும் அதற்கேற்ற ரயரும்

பெயர்களை இடுகுறிப் பெயரென்றும் காரணப் பெயரென்றும் பகுத்துரைப்பர் தமிழிலக்கண நூலார். காரணம் எதுவும் கருதாது வழிவழி வழங்கி வருவது இடுகுறி. பொருளின் இயல்பையோ தொழிலையோ பற்றி அமைவது காரணப் பெயர். தோன்றியபோது காரணப் பெயராயிருந்து, காலப்போக்கிற் காரணம் மறைந்தொழிய, வெறும் இடுகுறிபோல் நின்று வழங்கும் பெயர்களும் பல உள. அத்தகைய பெயரை இன்னமும் காரணப் பெயரென்றே நம்பி நடப்போர் இடர்ப்படுவர். ஏட்டிலே நிகழும் அம்மயக்கம் பொருட்பிழையோடு நின்றுவிடும். சுழலும் சில்லிலே நிகழின் உயிருக்கே ஊறு விளைவிக்கும். துவிச்சக்கர வண்டியின் ரயருக்கு வழங்கும் ‘இருபத்தாறு அங்குலம்’ என்னும் பெயர் இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

பழைய அமெரிக்கக் குறூசர் வண்டியொன்றைத் தேடிப்பெற்று, துரு நீக்கி, தத்தம் விருப்பிற்கேற்பத் திருத்தியமைத்து ஓட்டுதல் இன்று பலர் கைக்கொண்டிருக்கும் பொழுதுபோக்காகும். இவ்வேலையிற் புகுந்தோர் முதலிற் கருதுவன நிறமும் இருக்கையும் கைபிடியுமேயாம். ஆயினும் அவர் இடறும் இடம் பெரும்பாலும் ரயரே. 26 என்று பொறித்த பழைய ரயரைக் கழற்றிவிட்டு, 26 என்றே பொறித்த புதிய ரயரை வாங்கிவந்து பூட்ட முயல்பவர், அது றிம்மின்மேல் ஏறாமையையோ, ஏறியபின் நிலைத்து நில்லாமையையோ கண்டு திகைப்பதுண்டு. இதன் காரணத்தை அறிதற்கு அவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பலூன் ரயரின் தோற்றம்

ஐக்கிய அமெரிக்காவின் சிக்காக்கோ நகரில், 1895ஆம் ஆண்டு, இக்னாஸ் ஷ்வின் என்பாரும் அடொல்ப் ஆர்னல்ட் என்பாரும் கூடித் துவிச்சக்கர வண்டித் தொழிற்சாலையொன்றை நிறுவினர். மோட்டார் வண்டி பெருகியபின் அந்நாட்டில் துவிச்சக்கர வண்டி சிறுவர்க்குரிய பொருளாயிற்று. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் வியாபாரத்தை மேலும் நலிவித்தது. அக்காலத்து அமெரிக்க வண்டிகள் பலவற்றின் ரயர், உள்ளே தனி ரியூப் இல்லாததாய், றிம்மோடு பசையினால் ஒட்டப்பட்டதாய் இருந்தது. அது துளைபட்டபோது சீர்செய்தல் அரிது.

இந்நிலையில், இக்னாஸ் ஷ்வினின் மகனாகிய பிராங் ஷ்வின், 1933ஆம் ஆண்டு, இரண்டு அங்குலத்திற்கு மேற்பட்ட அகலமும் தனி ரியூப்பும் உடைய ‘பலூன்’ ரயரைப் பூட்டிய வண்டியை வெளியிட்டார். அந்த ரயரின் அளவு 26 × 2.125 எனக் குறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஏரோசைக்கிள்’ என்னும் வண்டி, மோட்டார்ச் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கியைப் போன்ற கூடும் முகவிளக்கும் பூண்டு விளங்கியது. 1949இல் வெளிவந்த ‘பிளாக் பான்ரம்’ இவ்வழியில் வந்த வண்டிகளுட் புகழ்பெற்றதாகும். பருத்த ரயரும், வளைந்த சட்டமும், அகன்ற கைபிடியும், மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் இயங்கும் குடத்துப் பிறேக்கும் உடைய இவ்வினத்து வண்டிகளே பிற்காலத்திற் குறூசர் என வழங்கப்பட்டன.

எண் ஒன்றாய் அளவு வேறானமை

ரயர்களுக்குப் பெயரிடத் தொடங்கிய காலத்தில், 26 என்னும் எண் காற்றடித்த ரயரின் வெளிவிட்டத்தைச் சுட்டிற்று. அன்று அது காரணப் பெயர். ஆனால் ரயர் றிம்மிற் பொருந்துவதற்கு வேண்டப்படுவது வெளிவிட்டமன்று. ரயரின் உள்விளிம்பிலுள்ள கம்பிக்கட்டுச் சென்று அமரும் இடத்தின் விட்டமேயாம். வெளிவிட்டம் ஒன்றாயிருக்க, ரயர் பருக்குமாயின், உள்ளிருக்கும் றிம் சிறுத்தல் வேண்டும். இவ்வுண்மையை மூன்று ரயர்களைக்கொண்டு விளக்கலாம்.

பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றிற் காணப்படும் 26 × 1⅜ என்னும் ரயர் அமரும் றிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர். ரயரின் தடிப்பு ஏறத்தாழ 35 மில்லிமீற்றர். அதனை இருபுறமும் கூட்ட 660 ஆகும். இது சரியாக 26 அங்குலம். ஷ்வின் தொழிற்சாலையார் நடுத்தரப் பாரமுள்ள வண்டிகளுக்குப் பூட்டிய 26 × 1¾ என்னும் ரயரின் றிம் 571 மில்லிமீற்றர். தடிப்பு ஏறத்தாழ 44. இருபுறமும் கூட்ட 659. மேலே கூறிய பலூன் ரயரின் றிம் 559 மில்லிமீற்றர், தடிப்பு 54. கூட்டினால் 667. மூன்றும் பெயரளவில் இருபத்தாறே. றிம்களோ மூன்றும் வெவ்வேறானவை. ஒன்றற்குரிய ரயர் மற்றொன்றற்கு எவ்வாற்றானும் பொருந்தாது.

இம்மயக்கம் 26 என்னும் எண்ணோடு ஒழிவதன்று. இலங்கையிலும் இந்தியாவிலும் நெடுங்காலம் வழங்கிய உயரமான கறுப்பு வண்டிகளின் 28 × 1½ ரயர் 635 மில்லிமீற்றர் றிம்மில் அமர்வது. அண்மைக் காலத்தில் 29 அங்குலம் என விற்கப்படும் ரயர் அமரும் றிம்மோ 622 மில்லிமீற்றரே. இருபத்தொன்பது இருபத்தெட்டினுஞ் சிறிதாயிருக்கும் இவ்விந்தை, பெயரை அளவென நம்புதல் எத்துணைப் பேதைமை என்பதைக் காட்டப் போதியதாகும்.

கணிதத்திற் சமன், சில்லிற் சமனன்று

இவையனைத்தினும் கொடிய பொறி ஒன்றுண்டு. முக்கால் என்பதும் தசமம் ஏழு ஐந்து என்பதும் ஒன்றே என்பதைக் கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். ஆகவே 26 × 1¾ என்னும் ரயருக்குப் பதிலாக 26 × 1.75 என்னும் ரயரை வாங்குபவர் தாம் பிழைசெய்வதாகக் கனவிலுங் கருதார். ஆனால் பின்னத்தால் எழுதப்பட்டது 571 மில்லிமீற்றர் றிம்முக்குரியது. தசமத்தால் எழுதப்பட்டது 559 மில்லிமீற்றர் றிம்முக்குரியது. இரண்டிற்கும் விட்டத்தில் 12 மில்லிமீற்றரும், சுற்றளவில் ஏறத்தாழ 38 மில்லிமீற்றரும் வேற்றுமையுண்டு.

சிறிய ரயரைப் பெரிய றிம்மில் ஏற்ற முயல்பவருக்கு உழைப்பே வீண். கம்பிக்கட்டு நீளாதாதலின் அது ஏறாது. பெரிய ரயரைச் சிறிய றிம்மில் இடுவதே பேராபத்து. அது கையால் எளிதில் ஏறிவிடும். ஏற்றியவர் தம் வேலை இனிது முடிந்ததென மகிழ்வர். காற்றடிக்கும்போதோ, வளைவில் திரும்பும்போதோ, கம்பிக்கட்டு றிம்மைவிட்டு வழுக, ரியூப் வெளிவந்து வெடிக்கும். முன்சில்லில் இது நிகழின் ஓட்டுபவர் தலைகீழாக வீழ்தல் கூடும். எளிதில் ஏறியதே பொருத்தத்திற்குச் சான்றென்று கொள்ளலாகாது.

அளவறியும் முறை

இக்குழப்பத்தை நீக்கும்பொருட்டு, ஐரோப்பிய ரயர் றிம் தொழில்நுட்ப அமைப்பு ஒரு குறியீட்டு முறையை வகுத்தது. சர்வதேச நியம அமைப்பும் 5775 என்னும் நியமத்தில் அதனை ஏற்றுக்கொண்டது. இம்முறைப்படி ரயரின் பக்கத்தில் 54-559 என்பது போன்ற இரண்டு எண்கள் பொறிக்கப்படும். முன்னது ரயரின் அகலம்; பின்னது அது அமரும் றிம்மின் விட்டம்; இரண்டும் மில்லிமீற்றரில் அமைந்தன. பின்னெண் ஒத்தல் இன்றியமையாதது. முன்னெண் ஓரளவு வேறுபடலாம். 559 றிம்மையுடைய குறூசருக்கு 47-559, 50-559, 54-559 ஆகிய ரயர்களை ஆராய்ந்து கொள்ளலாம். 47-571 என்பதைக் கொள்ளலாகாது.

பழைய ரயர்களில் இக்குறியீடு காணப்படாதாயின், பொறித்த எழுத்தில் பின்னம் உளதா தசமம் உளதா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். றிம்மை அளந்து துணிய விரும்புவோர் ஒன்றை நினைவிற் கொள்க. அளவுநாடாவுக்கு எட்டுவது றிம்மின் வெளிவிளிம்பு. கம்பிக்கட்டு அமரும் இடமோ அதனினும் சில மில்லிமீற்றர் தாழ்ந்தது. ஆகவே 559 றிம்மின் வெளிவிளிம்பை அளப்பவர், 570ஐ ஒட்டிய ஓரெண்ணைக் கண்டு, அதனை 571 என மயங்கவுங்கூடும். அளவு தெரிந்த மற்றொரு சில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தலே நன்று.

இடைவெளியும் காற்றழுத்தமும்

விட்டம் ஒத்தபின் அகலத்தை ஆராய்தல் வேண்டும். பருத்த ரயர் அழகும் மென்மையும் தருமெனினும், முன்கவையின் இரு கால்களுக்கிடையிலும், பின்சில்லைத் தாங்கும் குழாய்களுக்கிடையிலும், மட்காட்டின் உள்ளேயும் அது உரசாது சுழலுதல் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் 6 மில்லிமீற்றரளவு இடம் எஞ்சுதல் நலம். பழைய சில்லு சிறிது கோணியிருத்தல் இயல்பாதலின், கம்பிகளை இறுக்கி நேராக்கிய பின்னரே இதனை அளத்தல் வேண்டும். நடுத்தர வண்டிகளின் சட்டம் ஒடுக்கமானது, அதனுள் 2.125 அங்குல ரயரைப் புகுத்த முயல்வோர் முதலில் இடத்தை அளந்து பார்ப்பாராக.

காற்றழுத்தத்திலும் அளவறிதல் வேண்டும். பலூன் ரயர் குறைந்த அழுத்தத்தில் மெத்தைபோல் இயங்கும்பொருட்டு அமைந்தது. பழைய உருக்கு றிம்கள் பல, ரயரைப் பற்றிக்கொள்ளும் உள்வளைவு இல்லாதவை. ஆதலின் ரயரிற் குறித்த எல்லையை மீறிக் காற்றடித்தலாகாது.

திருத்தத்தின் ஒழுங்கு

ரயர் அமைந்தபின் ஏனைய திருத்தங்களை எவ்வொழுங்கில் மேற்கொள்ளுதல் தகும் என்னும் வினாவுக்கு வரலாறே விடை கூறுகின்றது. கலிபோர்ணியா மாநிலத்து மரீன் மாவட்டத்தில், 1970களில், இளைஞர் சிலர் பழைய பலூன் ரயர் வண்டிகளைச் சொற்ப விலைக்கு வாங்கி, வேண்டாத அணிகளைக் களைந்து, மலைச்சரிவுகளில் ஓட்டினர். 1976இல் தொடங்கி அவர்கள் நடத்திய பந்தயம் ‘றீபாக்’ எனப் பெயர் பெற்றது. சரிவில் இறங்கும்போது குடத்துப் பிறேக் சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் உருகிப் புகையாய்ப் போக, ஒவ்வோர் இறக்கத்தின் பின்னும் குடத்தைத் திறந்து மீண்டும் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தமையே அப்பெயருக்குக் காரணம். சமநிலத்துச் சிறுவர்க்கென அமைந்த ஒற்றைப் பிறேக் மலைக்குப் போதாதென்பதை அவர்கள் அனுபவத்தால் உணர்ந்து, வேறு பிறேக்குகளையும் பற்சக்கரங்களையும் பூட்டினர். அவருள் ஒருவராகிய ஜோ பிறீஸ் 1977இல் இதற்கெனவே புதிய சட்டமொன்றைச் செய்தார். மலைத் துவிச்சக்கர வண்டி இவ்வாறு உருவாயிற்று.

ஆகவே குறூசரைத் திருத்துவோர் முதலிற் செய்யத்தக்கது நிறுத்தும் ஆற்றலைப் பெருக்குதலாம். பின்குடத்தைத் திறந்து கழுவிப் புதுக் கிறீஸ் இடுதல் வேண்டும். முன்சில்லுக்கும் பிறேக் அமைத்தல் நன்று. உருக்கு றிம்மை அழுத்தும் கட்டைகள் மழையில் வலுவிழக்குமாதலின், குடத்தினுள் அமைந்த பிறேக் சிறந்தது. முன்கவையைத் துளைக்காமலே அதனைப் பற்றியாற் பிணைக்கலாம்.

அடுத்தது மிதிக்கும் பளு. முன்வட்டில் 46 பல்லும் பின்வட்டில் 18 பல்லும் உள்ள வண்டியில், மிதி ஒருமுறை சுற்றச் சில்லு 2.56 முறை சுற்றும். பின்வட்டை 22 பல்லாக்கினால் அது 2.09 ஆகும், வேகம் குறையினும் ஏற்றம் எளிதாகும். ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட அமெரிக்க வண்டிகள் பலவற்றின் சங்கிலிக் கண்ணிடை ஓரங்குலம், இன்றையது அரையங்குலம். அங்கும் அளவறிந்தே மாற்றுதல் வேண்டும். நிறமும் அணியும் இறுதியில் வருவன.

எத்திருத்தமாயினும் மீட்டற்கியன்றதாயிருத்தல் சிறப்பு. கழற்றிய பகுதிகளைப் பேணி வைப்பவர் பழைய வண்டியை அழித்தவராகார். வெட்டியும் துளைத்தும் மாற்றுபவரோ, பின்வருவோர்க்கு அதனை இல்லாமற் செய்துவிடுகின்றனர்.

மரீன் இளைஞர்கள் பயன்படுத்திய வண்டிகளின் 559 மில்லிமீற்றர் றிம்மே பின்வந்த மலை வண்டிகளுக்கும் பல்லாண்டுகள் அளவாக நின்று உலகெங்கும் பரவியது. இன்றைய புதிய மலை வண்டிகள் பெரும்பாலும் பெரிய றிம்களை நாடினும், 559 ரயர்கள் இன்னும் செய்யப்படுகின்றன. அதனால், 1933இன் அளவில் அமைந்த வண்டியொன்று, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னும் புதிய ரயரோடு வீதியில் ஓட முடிகின்றது. அதனை வாழவைப்பது பக்கத்திற் பொறித்த 26 என்னும் பெயரன்று. அப்பெயரினுள் மறைந்துகிடக்கும் அளவே என்பது தெளிவு.