பஸ் திரும்பும் இடத்திலிருந்து: வேலூர், ஆம்பூர் பக்கத்து மலைப்பாதைகள்

ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் காலையில் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள்தான் பாதிக் கூட்டம். சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா என் முதுகுப் பையைப் பார்த்துவிட்டு எங்கே வேலை என்று கேட்டார்.

"வேலைக்கு இல்லக்கா, மலைக்கு நடக்கப் போறேன்."

"நடக்கறதுக்கா லீவு போட்டுட்டு பஸ் ஏறிப் போறீங்க? மலையில என்னா இருக்குது?"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு இவ்வளவு நீண்டுவிட்டது.

கார், பைக் இல்லாமல் பஸ்ஸிலேயே போய் நடந்துவிட்டு வர நம்ம பக்கம் என்ன பாதை இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். ஒரு அடிப்படை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் நடைப்பயணிக்காகவே போட்ட பாதை என்று எதையும் நான் பார்த்ததில்லை. இங்கே பாதைகள் மூன்று காரணத்தால் உண்டானவை: மலைமேல் கோயில் இருக்கும், விறகுக்கும் மேய்ச்சலுக்கும் ஆள் போவார்கள், மலைக்கிராமத்து ஜனங்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இறங்கி வருவார்கள். தார் ரோடு முடியும் இடத்தில் பஸ் திரும்பும். அங்கிருந்து இந்தப் பாதைகளில் ஒன்று தொடங்கும்.

நம்ம ஊர்த் தொழிலும் இந்தச் சரிவுகளோடு சேர்ந்ததுதான். குரோம் உப்பு வருவதற்கு முன்னால் தோல் பதனிட்டது மரப்பட்டையாலும் காயாலும். ஆவாரம்பட்டை, கடுக்காய் இரண்டும் முக்கியம். வறண்ட சரிவுகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவாரையைப் பூவுக்காக மட்டும் பார்க்கிறோம். அதன் பட்டையில் பதனிட்ட தோல் மதராஸ் துறைமுகம் வழியாக லண்டன் வரை போனது. பிறகு வேட்டில் பட்டை வந்தது, அப்புறம் குரோம். பாலாற்றுத் தண்ணீரின் கதை பெரியது. 1996ல் உச்ச நீதிமன்றம் டேனரிகள் வழக்கில் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்று சொன்ன தீர்ப்பு இந்தப் பக்கத்து ஆற்றை வைத்து வந்ததுதான். அதைத் தனியாக எழுதுகிறேன்.

இனி பாதைகள்.

கோயில் பாதையில் எளிதானது கைலாசகிரி. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் சாலையில் உமராபாத் பக்கம், மலைமேல் முருகன் கோயில். ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். முதல்முறை நடப்பவர்கள் இங்கே ஆரம்பிக்கலாம். கூட ஆள் இருக்கும், வழி தவறாது.

அடுத்தது ஏலகிரி. வாணியம்பாடி, திருப்பத்தூர் இரண்டு ஊரிலிருந்தும் பஸ் உண்டு. பொன்னேரி அடிவாரத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே அத்தனாவூரில் இறங்கி மங்களம் கிராமத்துக்குப் போனால், அங்கிருந்து சுவாமிமலைச் சிகரத்துக்குச் சுமார் 3 கி.மீ. சிகரம் சுமார் 1,300 மீட்டர் உயரம். ஊரே ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் நாம் ஏறுவது சுமார் 300 மீட்டர்தான்.

பஸ்ஸை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ல் சொன்ன விதி இது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் சேர்க்க வேண்டும். சுவாமிமலைக்கு வைத்துப் பாருங்கள். தூரத்துக்கு 36 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், மொத்தம் ஒரு மணி ஆறு நிமிடம். ஆனால் நெய்ஸ்மித் வேலூர் வெயிலைப் பார்த்தவர் இல்லை. நான் எப்போதும் ஒன்றரை மடங்கு போடுகிறேன். அப்படியானால் ஏற ஒரு மணி நாற்பது நிமிடம், உட்கார அரை மணி, இறங்க ஒரு மணிக்கு மேல். மூன்றரை மணி நேரம் கையில் இருந்தால் போதும். இதைக் கடைசி பஸ் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைக் குறி வையுங்கள். பஸ் நேரத்தை இணையத்தில் தேடாதீர்கள், ஏறும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். ஒருமுறை கேட்காமல் போய், வாழைக்காய் ஏற்றிய வண்டியில் தொங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன்.

சட்டமும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நடக்கக்கூடாது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளம் 40 பாதைகளோடு தொடங்கியது. சுவாமிமலையும் அதில் இருக்கிறது. முன்பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கோடையில் தீ அபாயம் இருப்பதால் அந்த மாதங்களில் மூடிவிடுவார்கள். செப்டம்பர் முதல் ஜனவரி வரை நல்ல காலம்.

மூன்றாவது வகைப் பாதையைப் பற்றித்தான் கொஞ்சம் தயங்கி எழுதுகிறேன்.

2022 கடைசியில் ஜவ்வாது மலையின் வேலூர்ப் பக்கச் சரிவில் ஊர்க்காரர் ஒருவரோடு நடந்தேன். வீடு திரும்பி நோட்டில், "ரோடு வராததால அழகு கெடாத பாதை, லிஸ்ட்ல முதல் இடம்" என்று எழுதி வைத்தேன். அடுத்த மே மாதக் கடைசியில் அந்தச் செய்தி வந்தது. அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லாத மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது, அதற்கு மேல் வண்டி போகாது என்று ஆம்புலன்ஸ் வழியிலேயே இறக்கிவிட்டது. அந்தத் தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மீதி மலையை நடந்தே ஏறினார்.

வாணியம்பாடி பக்கம் நெக்னாமலையிலும் இதே கதைதான். ரோடு இல்லாமல் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் டோலி கட்டித் தூக்கி இறக்கியதை வருஷக்கணக்காகப் பேப்பரில் படித்திருக்கிறோம்.

நோட்டை எடுத்து நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அழகு என்று நான் குறித்து வைத்த அதே கல்லும் ஏற்றமும்தான் அங்கே ஒரு குழந்தைக்கு மருந்து போய்ச் சேராததற்குக் காரணம். அந்த வரியை அடித்துவிட்டேன். நடந்து பார்க்க எனக்கு வேறு பாதை கிடைக்கும். அவர்களுக்கு ரோடு வரட்டும்.

அப்படியானால் மலைக்கிராமத்துப் பக்கமே போகக்கூடாதா என்றால், அப்படிச் சொல்லவில்லை. வனத்துறை அனுமதி இருந்து, ஊரில் தெரிந்தவர் கூப்பிட்டால் போங்கள். பாதையில் தலைச்சுமையோடு வருகிறவருக்கு ஒதுங்கி வழி விடுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தண்ணீரும் சாப்பாடும் கையில் கொண்டுபோங்கள், குப்பையைக் கையோடு கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. அடிவாரத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பஸ்தான் வரும் ஊர்கள் இருக்கின்றன. சந்தை நாள் எது என்று முதலிலேயே விசாரித்து, அன்றைக்குப் போகாதீர்கள். பத்துப் பேர் பெரிய பெரிய பையோடு ஏறினால், மூட்டையோடு நிற்கிற அம்மாவுக்கு இடம் இருக்காது. நமக்குப் பஸ் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போகும். அந்த அம்மா இருட்டில் மலையேற வேண்டும்.