அட்டையை மறந்தால் திரும்பி ஓட வேண்டாம்

மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, படுவான்கரையிலிருந்து அவ்வழியே மட்டக்களப்பு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வருவோருக்கு ஓடமே துணையாக இருந்தது. நான் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய காலத்தில் ஒருநாட் காலை, பாதி வாவியைக் கடந்த பின்னரே அனுமதி அட்டை வீட்டு மேசையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. ஓடத்தைத் திருப்ப இயலாது. அக்கரை சேர்ந்து, அடுத்த ஓடத்தில் திரும்பி, அட்டையை எடுத்து வருவதென்றால் வினாத்தாளில் பாதி முடிந்திருக்கும். வேறு வழியின்றி வெறுங்கையுடன் மண்டபத்துக்குச் சென்றேன். ஏச்சை எதிர்பார்த்து நின்ற என்னிடம் மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டி, நடந்ததை எழுதிக் கையொப்பமிடுமாறு கூறினார். அட்டையை மறுநாள் கொண்டுவந்தால் போதும் என்றார்.

அவர் காட்டியது தனிப்பட்ட இரக்கம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உண்மையில் அது விதி. பரீட்சார்த்தி தமது ஆளடையாளத்தை நிரூபிக்கும் ஆவணத்தைத் தவறுதலாக விட்டுவந்திருந்தால், அது பற்றி மேற்பார்வையாளர் முன் எழுத்து மூலம் வாக்குமூலம் அளித்து, பின்னர் அவ்வாவணத்தைச் சமர்ப்பிக்கலாம் எனப் பரீட்சைத் திணைக்களத்தின் விதிமுறைகளே இடமளிக்கின்றன. சமர்ப்பிக்கத் தவறினால் மட்டுமே பரீட்சார்த்தமை இரத்தாகும் அபாயம் உண்டு.

ஆனால் காலதாமதத்துக்கு இத்தகைய சலுகை கிடையாது. வினாத்தாள் வழங்கப்பட்டு அரை மணி நேரம் கழிந்த பின்னர் எவரும் மண்டபத்தினுள் அனுமதிக்கப்படுவதில்லை. வழக்கமாகக் காலை 8.30 மணிக்குத் தொடங்கும் பரீட்சையில், 9 மணிக்குப் பின்னர் கையில் அட்டை இருந்தும் பயனில்லை. மன்னிக்கப்படக்கூடிய தவறொன்றைச் சரிசெய்வதற்காகப் பதறி வீட்டுக்கு ஓடும் பிள்ளை, மன்னிப்பே இல்லாத தவறில் சிக்கிவிடுகிறது. கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கத்து உட்கிராமங்களின் தூரங்களையும் பேருந்து வசதிகளையும் அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பரீட்சைக்கு முன்னர் பாடசாலைகள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முதல் விடயம் இதுவே. எனினும் அட்டையைக் கொண்டுவருமாறு கூறும் அறிவுறுத்தல்களே அதிகம். மறந்தால் என்ன செய்வது என்பதை எவரும் கூறுவதில்லை.

மறதியைப் பொறுப்பின்மை என்று கொள்ளும் வழக்கமும் இதற்கொரு காரணம். படித்ததை நினைவில் வைத்திருப்பதும், செய்யவேண்டியதை உரிய வேளையில் நினைத்துக்கொள்வதும் இருவேறு ஆற்றல்கள் என்று உளவியலாளர் வகுத்துள்ளனர். முன்னையதில் சிறந்த மாணவி பின்னையதில் தவறலாம். மனம் விடைகளில் மூழ்கியிருக்கும் காலை வேளையில், பையில் என்ன இருக்கிறது என்பது அதன் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. தூக்கக் குறைவு சேர்ந்தால் நிலைமை மேலும் மோசமாகும். 2025 மார்ச்சில் நடைபெற்ற சாதாரண தரப் பரீட்சை ரமழானில் அமைந்தமையால், காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பிள்ளைகள் ஸஹருக்காக எழுந்து, கலைந்த உறக்கத்துடனேயே மண்டபங்களுக்குச் சென்றனர்.

அனுபவம் மிக்கவர்களும் இதற்கு விலக்கல்லர். 1935 ஒக்டோபர் 30ஆம் திகதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானமொன்று மேலெழுந்தவுடன் வீழ்ந்தது. தரையில் நிற்கும்போது வாற்பகுதியின் அசையும் பாகங்களை இறுக்கி வைத்திருக்கும் பூட்டு, புறப்படுமுன் விடுவிக்கப்படவில்லை. விமானத்தைச் செலுத்தியவர்கள் தேர்ந்த வல்லுநர்கள், இருவர் உயிரிழந்தனர். அதன் பின்னரே விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. கூடுதல் பயிற்சியை எவரும் பரிந்துரைக்கவில்லை. ஒரு தாளில் சில வரிகளை எழுதிக் கொடுத்தனர். 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கு வெளியிட்டதும் இத்தகைய பட்டியலே.

நம் வீட்டுக்கு வேண்டிய பட்டியல் மிகச் சிறியது: அனுமதி அட்டை, தேசிய அடையாள அட்டை, பேனாக்கள், அன்றைய பாடத்தின் நேரம். அதனைப் பார்க்கும் வேளையை ஏற்கெனவே உள்ள பழக்கமொன்றுடன் பிணைத்துவிட்டால் மறதிக்கு இடம் குறையும். சுபஹுத் தொழுகை முடிந்ததும் அல்லது சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றியதும் பையைத் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ‘கவனமாகப் போ’ என்று பத்துத் தடவை சொல்வதைவிட இது பயன் தரும். நேர அட்டவணையை நாள்தோறும் பார்ப்பதும் அவசியம். 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டபோது, சுவரில் ஒட்டியிருந்த பழைய அட்டவணைகள் பயனற்றுப்போயின. ஐயமிருப்பின் திணைக்களத்தின் 1911 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

மண்டபத்தினுள் நிகழும் மறதியே கூடுதல் ஆபத்தானது. வாசிக்க முடியாத சுட்டெண்ணைக் கொண்ட விடைத்தாள் நிராகரிக்கப்படலாம். வேறொருவரின் சுட்டெண்ணை எழுதுவது மோசடி முயற்சியாகக் கருதப்படலாம். அங்கே ஓர் இலக்கம் இடம்மாறினாலும் சிக்கலே. சட்டைப்பையில் மறந்துபோய்க் கிடந்த கைத்தொலைபேசிக்கு விளக்கம் சொல்வதும் எளிதன்று.

எனது அட்டையை மேசையில் கண்ட தாயார், அன்று மாலை அதனுடன் ஓடத்துறைக்கே வந்திருந்தார். அவர் ஏசவில்லை. அடுத்த நாள் என்ன பாடம் என்று மட்டும் கேட்டார்.