முதலைக் கண்ணீரும் நீலிக் கண்ணீரும்

பதுளை வீதி வந்து சேரும் செங்கலடிச் சந்திக்கு அருகே, மாலை வேளைகளில் மாணவர் சிலருக்குக் கட்டுரை எழுதப் பழக்கி வருகிறேன். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியைப் பற்றித் தன் அம்மம்மா சொல்லக் கேட்டு ஒரு மாணவி எழுதியிருந்தாள். கூரை பறந்ததும் தென்னைகள் சாய்ந்ததும் கண்முன் நின்றன. முடிவிலோ, "அம்மம்மா முதலைக் கண்ணீர் வடித்தார்" என்றிருந்தது.

திடுக்கிட்டேன். "ஏன் பிள்ளை இப்படி எழுதினாய்?" என்று வினவினேன்.

"வாவி முதலை பெரிசுதானே, சேர், கண்ணீரும் பெரிசாத்தானே இருக்கும்?" என்றாள்.

இத்தொடர் ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்தது. முதலை தான் தின்னும் மனிதனுக்காக அழும் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். 14ஆம் நூற்றாண்டின் மாண்டவில் பயண நூலும் அவ்வாறே கூறும். முதலையினத்துக்கு உண்ணும்போது கண் நனைவதுண்டு என்பதைப் புளோரிடாவில் நிகழ்ந்த ஆய்வொன்று 2007இல் காட்டியது. ஆயினும் அந்நீருக்கும் துயரத்துக்கும் உறவில்லை.

ஆகவே, தீங்கு செய்தவனே தீங்குற்றவனுக்காக அழுவதுபோல் நடித்தால்தான் அது முதலைக் கண்ணீர். பொய்யழுகை எல்லாம் அதுவாகாது. நமக்கென்றே நீலிக் கண்ணீர் இருக்கிறதே! பழையனூர் நீலி, வணிகன் ஒருவனின் மனைவிபோல் வந்து ஊரார்முன் அழுதாள். வேளாளர் எழுபதின்மர் அதை நம்பி, அவன் உயிருக்குத் தாமே பிணையாகி, அவளோடு அவனை அனுப்பினர். அவன் மாண்டான்; சொற்காக்க அவர்களும் தீப்புகுந்தனர் என்பது கதை. நீலி அழுதது இரையைப் பெறுவதற்கு; முதலை அழுவது இரையை வாயில் வைத்துக்கொண்டு.

சேக்சுபியரின் 'ஒதெல்லோ' நாடகத்திலே, குற்றமற்ற மனைவியைக் கணவன் அடிக்கிறான். அவள் அழுகிறாள். அக்கண்ணீரை முதலையின் கண்ணீரென்று அவனே இகழ்கிறான். பின்னர் அவளைக் கொன்றும் விடுகிறான். இடந்தவறிய இத்தொடர் வெறும் சொற்பிழையன்று. அழுதவர்மேல் சுமத்தும் பழி. எழுதுவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: அழுபவர் வாயில் இரை இருக்கிறதா?

இவற்றைக் கேட்ட மாணவி சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, "அம்மம்மா கிணற்றடியில் இருந்து அழுதார்" என்று எழுதினாள்.

அதில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.