டெலிவிஷன் பெட்டியில் ஒரு முகம்

“சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது!” என்று சில படங்களை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம் அல்லவா? வீடு பளபளக்கும், ஜாடியில் பூ வாடாது, அழும்போதுகூடக் கதாநாயகியின் கொண்டை கலையாது. நானும் அப்படி ஏளனம் செய்தவள்தான், 1955-ல் வெளிவந்த ‘ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பார்க்கும் வரையில்.

கதை சின்னது. கேரி ஒரு விதவை. வளர்ந்த மகனும் மகளும் உண்டு. தோட்டத்து மரங்களைக் கழிக்க வரும் ரான் என்ற வாலிபனிடம் அவள் மனம் செல்கிறது. ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? பெற்ற பிள்ளைகளே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களுக்காக அவனை வேண்டாமென்று விட்டுவிடுகிறாள்.

‘பெண்கள் அழுவதற்கென்றே எடுத்த படம்’ என்று அந்த நாளில் ஒதுக்கியவர்கள் உண்டு. (தொடர்கதை படிக்கிற நமக்கு இந்தக் கேலி புதிதா என்ன?) ஆனால் டைரக்டர் டக்ளஸ் ஸர்க் லேசுப்பட்டவரல்ல. ஜெர்மன் நாடக மேடையில் தேர்ந்தவர். யூதப் பெண்ணை மணந்தவர். 1937-ல் தாய்நாட்டை விட்டு வெளியேறியவர். ஸ்டூடியோ கொடுத்த பகட்டை அவர் மறைக்கவில்லை. அதைக் கொண்டே பேசினார்.

மகள் விம்மி அழும்போது ஜன்னல் வழியே வானவில்லின் நிறங்களெல்லாம் அவள்மேல் விழுகின்றன. எந்த வீட்டில் அப்படி வெளிச்சம் விழும்? விழாதுதான்! கிறிஸ்துமஸ் சமயத்தில் கேரி, பனி படிந்த ஜன்னல் சட்டங்களுக்குப் பின்னால் கண்கலங்க நிற்கிறாள். அத்தனை அழகான வீடு அந்த ஒரு கணத்தில் சிறையாகிவிடுகிறது.

பிறகுதான் அந்தக் காட்சி. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மகனும் வெளிநாடு புறப்படுகிறான். தனியாக இருக்கப்போகும் அம்மாவுக்குப் பிள்ளைகள் தரும் பரிசு, ரிப்பன் கட்டிய புத்தம் புது டெலிவிஷன் பெட்டி! குமிழைத் திருகினால் போதும், உலகமே துணைக்கு வந்துவிடும் என்று அளக்கிறான் விற்பனையாளன். பெட்டியை யாரும் போடவில்லை. இருண்ட கண்ணாடியில் தெரிவதெல்லாம் கேரியின் முகந்தான். அந்த வீட்டுச் சாமான்களோடு அவளும் ஒன்றாகிவிட்டதைச் சொல்ல, அந்தப் பளபளப்பைவிட வேறு எது உதவியிருக்கும், சொல்லுங்கள்!

முடிவில் ஜன்னலருகே மான் வந்து நிற்பது மட்டும் எனக்குச் சற்றுத் திகட்டியது.

ஸர்க்கின் படங்களில் மனத்தைப் பறிகொடுத்த ஜெர்மன் டைரக்டர் ஃபாஸ்பிண்டர், 1974-ல் ‘அலி: ஃபியர் ஈட்ஸ் த ஸோல்’ என்ற படத்தை எடுத்தார். துப்புரவு வேலை செய்யும் முதிய விதவை ஒருத்தி, தன்னைவிட மிக இளையவனான மொராக்கோ நாட்டுத் தொழிலாளியை மணக்கிறாள். பளபளப்பு அதில் மருந்துக்கும் இல்லை. ஆனால் செய்தியைக் கேட்டதும் அவள் மகன் என்ன செய்கிறான், தெரியுமா? எழுந்து போய், அம்மாவின் டெலிவிஷன் பெட்டியைக் காலால் உதைத்து உடைக்கிறான்.